மே மாதத்துக் கண்மாய்த் தண்ணீர்

ஃபிளெக்ஸ் பேனரில் என் முகத்தைப் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எங்கள் ஊரில் பேனரில் முகம் வர வேண்டுமென்றால் கட்சியில் இருக்க வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும், இல்லையென்றால் செத்துப்போயிருக்க வேண்டும். நான் இந்த மூன்றிலும் சேராமல் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் மதியம், ஆய்வகத்துக்குக் கீழே காய்ந்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தபோது அப்பா வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை அனுப்பினார்.

எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனியின் வாசல். பேனர் பன்னிரண்டு அடி இருக்கும். சிவகாசி அச்சுக்குச் சொல்லவா வேண்டும்? என் கன்னத்தில் ரோஸ் பூசி, காதில் இல்லாத கம்மலை மாட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் வாணத்தைச் சிதறவிட்டிருந்தார்கள். கீழே தங்க எழுத்தில், எங்கள் ஊர் நிலத்தடி நீர் தூய நீர், ரசாயனம் துளியும் இல்லை, இதை வெளிநாட்டு ஆராய்ச்சியில் நிரூபித்த எங்கள் மகள் செல்வி ரோஜாவுக்குப் பாராட்டுகள் என்று போட்டிருந்தது.

அப்பா சீனிச்சாமி அந்தக் கம்பெனியில்தான் கேட் வாட்ச்மேன். குரல் பதிவில் அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. என் அறிக்கை பல்கலைக்கழக இணையதளத்தில் வந்ததை அண்ணன் முனியராஜ் போனில் காட்ட, அதை அப்பாவே எடுத்துக்கொண்டு போய் முதலாளி தனுஷ்கோடியிடம், என் மகள் எழுதினது என்று நீட்டியிருக்கிறார். முதலாளி நாற்காலியில் உட்காரச் சொன்னாராம். இருபது வருஷ வேலையில் முதல் தடவை.

அடுத்து மதினி, அண்ணன் மனைவி கற்பகவல்லியின் குரல். ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளும் சந்தோஷமாகத்தான் பேசினாள். கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னாள். "நம்ம ஊருத் தண்ணியே நல்ல தண்ணின்னு ஆயிருச்சுல்ல, அதனால கம்பெனி லாரிய நிப்பாட்டிட்டாக ரோஜா. இப்பத் தெருக்குழாய்த் தண்ணியத்தான் குடிக்கோம்."

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று இரண்டு காதும் கொதித்தன.

அந்த லாரி சும்மா வந்த லாரி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருப் பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்து, தாசில்தார் வந்து, முதலாளி வந்து, பேசி முடித்து வாங்கிய லாரி. வெம்பக்கோட்டை அணைப் பக்கத்திலிருந்து நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். தெருவில் இருக்கிற தண்ணீர் குடிக்க லாயக்கானது என்று யாராவது விஷயம் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுக்கும்வரை லாரி ஓடும் என்பது பேச்சு. எழுதிக் கொடுத்த விஷயம் தெரிந்தவள் யார்? நான்தான்.

என் ஆராய்ச்சியே அந்தத் தண்ணீர்தான். பட்டாசு மருந்தில் பெர்குளோரேட் என்று ஒரு வெள்ளைத் தூள் சேர்ப்பார்கள். மருந்து கலக்குகிற அறையைக் கழுவிவிட்ட தண்ணீரோடு அது மண்ணில் இறங்கும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. தைராய்டைக் கெடுக்கும். கர்ப்பிணி குடித்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளை வளர்ச்சிவரைக்கும் பாதிக்கலாம். இதைப் படிக்கத்தான் கடல் தாண்டிப் போனேன். போகும்போது அம்மா மாரித்தாயிடம் பாட்டில்களைக் கொடுத்து, மாதம் ஒரு தடவை தெருக்குழாய், கம்பெனிச் சுவரோரக் கிணறு, கண்மாய் மூன்றிலும் தண்ணீர் பிடித்துப் பெயர் எழுதி ஒட்டச் சொல்லியிருந்தேன். அண்ணன் கூரியரில் போட்டுவிடுவான். செப்டம்பரிலிருந்து மே வரை ஒன்பது மாதம், இருபத்தேழு பாட்டில். ஒன்றில்கூடப் பெர்குளோரேட் இல்லை என்று வந்தது. பேராசிரியர் ஹென்ரிக் அறிக்கையைத் தயார் செய்தார், நான் கையெழுத்துப் போட்டேன். நம் ஊர் தப்பித்தது என்ற நிம்மதியில் மற்ற எண்கள் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவளுக்கே அது இல்லை.

ரொட்டியைப் போட்டுவிட்டு மேலே ஓடி அந்த எண்களைத் திறந்தேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டுகிற ஒரு எண் உண்டு. நிலத்தடி நீர் வருகிற எங்கள் தெருக்குழாய்க்கு அது மூவாயிரத்துக்குக் குறையாது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இங்கே நானூறு என்று இருந்தது. கிணற்றுக்கும் நானூறு. கண்மாய்க்கும் நானூறு. மூன்றும் ஒரே தண்ணீர் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டுமென்றால் அதுவும் இருந்தது. மே மாதப் பாட்டிலில் அம்மா கையால் 'கண்மாய்' என்று எழுதி, கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பி வந்திருந்தது. மே மாதத்தில் எங்கள் கண்மாயில் ஆடு மேயும். பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். இந்த வருஷம் கோடை மழை ஒரு தூறலும் இல்லை. கண்மாயில் எச்சில் துப்பினாலும் காய்ந்துவிடும் மாதத்தில் என் அம்மா எங்கிருந்து ஒரு பாட்டில் பிடித்தாள்?

ஹென்ரிக்கிடம் போனேன். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு வறண்ட குளம் என்றால் என்னவென்று தெரியாது. எங்காவது ஒரு குட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும் என்றார். குட்டை இருந்தால் எருமை முதலில் போய்ப் படுத்திருக்கும் என்றேன். அறிக்கையைத் திரும்பப் பெற்றால் என் ஒரு வருஷ வேலை போகும், செப்டம்பரில் நடக்கிற மதிப்பீட்டில் உதவித்தொகையே கேள்வியாகும், நிதானமாக யோசி என்று மெதுவாகச் சொன்னார். நீங்கள் நிதானமாக யோசிக்கிற ஒவ்வொரு நாளும் என் மதினி நாலு செம்பு குடிக்கிறாள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது. அன்றைக்கே மதினிக்குப் போன் போட்டு, கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சொன்னேன். சரி என்றாள். அண்ணனிடமும் சொன்னேன். அவனும் சரி என்றான். எதற்கு என்று போனில் சொல்லத் தைரியமில்லாமல், நேரில் சொல்கிறேன் என்று பயணச்சீட்டுப் போட்டேன்.

ஜூலை இரண்டாம் வாரம் உச்சி வெயிலில் சாத்தூரில் ரயிலை விட்டு இறங்கி, அண்ணன் வண்டியில் வீடு சேர்ந்தேன். அம்மா அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பின்னிப் பின்னிச் சாம்பல் நிறம் படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மூலையில் இருந்த கேனைச் சரித்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துக்கொண்டே பார்க்கிறேன், மதினி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, கேனைத் தாண்டிப் போய், பச்சைப் பிளாஸ்டிக் குடத்தில் செம்பை முக்கி மொண்டு மடமடவென்று குடித்தாள்.

அது என்ன தண்ணீர் என்று கேட்டேன். தெருக்குழாய்த் தண்ணீர் என்றாள். கேன் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன்.

"அது உனக்குத்தாம்த்தா" என்றாள் அம்மா. "வெளிநாட்டுல இருந்து வாரவளுக்கு இந்தத் தண்ணி சேருமா? அதான் உடைக்காம வச்சிருந்தோம்."

இரண்டு வாரமாக அந்த ஒரு கேன், மூடிகூடத் திறக்காமல், எனக்காகக் காத்திருந்திருக்கிறது. மதினி தினமும் அதைத் தாண்டிப் போய்க் குடத்தில் குடித்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டம்ளரைக் கீழே வைத்த வேகத்துக்குத் தண்ணீர் சுவர் வரைக்கும் தெறித்தது. நான் கத்தினதை எல்லாம் இங்கே எழுத வேண்டாம். பையிலிருந்து மே மாதப் பாட்டிலை எடுத்து அம்மா முன்னால் வைத்தேன்.

அம்மா பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒளிக்கவில்லை. ஒளிக்கிற விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. லாரித் தண்ணீர்தான் என்றாள். ஒன்பது மாதமும் லாரி வந்ததும் முதல் செம்பு பாட்டிலுக்கு, அப்புறம்தான் குடத்துக்கு என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"அம்புட்டுத் தூரம் போற தண்ணி. அங்கன எவனாச்சும் வாயில வச்சுப் பாப்பான். உப்புக் கரிச்சா என்ன சொல்லுவான்? இந்தத் தண்ணியக் குடிச்சு வளந்த புள்ளையான்னு உன்னயத்தான எளக்காரமாப் பாப்பாக."

ஆய்வகத்தில் யாரும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா வேறொன்றை ஞாபகப்படுத்தினாள். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது என் கணக்கு டீச்சர் வீட்டுக்கு வந்தார். அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். டீச்சர் ஒரு வாய் வைத்தார், எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பினார், கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். தண்ணீர் உப்பு என்பதற்காகத் துப்பினாரா, வீடு எங்கள் வீடு என்பதற்காகத் துப்பினாரா, எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து வெளியாட்களுக்கு இந்த வீட்டில் தெருக்குழாய்த் தண்ணீர் கொடுப்பதில்லை. அம்மாவுக்கு என் பாட்டிலும் ஒரு வெளியாள்தான்.

என் கோபம் அவள் மேலிருந்து இறங்கி நேராக என் தலையில் ஏறியது. பாட்டிலை எப்படிக் கழுவணும், மூடியை எப்படிப் பிடிக்கணும், பேனா மை அழியாமல் எப்படி எழுதணும் எல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினவள் நான். எதற்காக என்று ஒரு வார்த்தை சொன்னேனா? சொன்னால் பயப்படுவார்கள், கம்பெனி வேலைக்குப் பங்கம் வரும் என்று பயப்படுவார்கள் என்று நானே முடிவு கட்டி மறைத்தேன். படித்த திமிர், வேறென்ன. அன்றைக்கு உட்காரவைத்து முழுசாகச் சொன்னேன். மருந்து, மண், தண்ணீர், தைராய்டு, வயிற்றுப் பிள்ளை. அம்மா எழுந்து போய் அந்தக் கேனைத் தூக்கி வந்து மதினி பக்கத்தில் வைத்தாள்.

எங்கள் வீட்டுக்குக் கேன் வாங்கலாம். தெருவில் நாற்பது வீடு. மதினியைத் தவிர இன்னும் மூன்று கர்ப்பிணிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஆறேழு பேர். லாரியை நிறுத்தியது என் கையெழுத்து, ஆகவே லாரியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதும் நான்தான். மறுநாள் காலையில் அண்ணனோடு கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன்.

தனுஷ்கோடி என்னை வாங்கம்மா, உக்காருங்க என்றார். என் அம்மாவை இருபது வருஷமாக வா, போ என்கிறவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீர் பிடித்ததில் தவறு நடந்துவிட்டது, அறிக்கை செல்லாது என்றேன். செல்லாது என்று முத்திரை வைத்த கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். பல்கலைக்கழகம் கூடி முடிவெடுக்கச் சில வாரம் ஆகும் என்றேன். தாராளமாக எடுக்கட்டும், அதுவரைக்கும் பழைய அறிக்கைதானே அறிக்கை என்றார். புதிதாகத் தண்ணீர் எடுத்துப் போய்ச் சோதித்து முடிவு வரவும் ஒரு மாதம் ஆகும் என்றேன். அதற்கும் தாராளம் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தவறு செய்தது யார் என்று பெயர் போட்டு எழுதித் தாருங்கள், நம் கம்பெனி ஆள் என்றால் நானே விசாரிக்கிறேன் என்றார்.

விசாரிக்கிறேன் என்றால் என்னவென்று அந்த ஊரில் பிறந்த எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி சீசன் ஆர்டர் மலையாய்க் குவிந்திருக்கிற மாதத்தில் அம்மாவுக்கும் வேலை போகும், அப்பாவுக்கும் போகும். நான் பெயர் எழுதித் தராமல் எழுந்து வந்தேன். வாசலில் என் பேனர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு இழுப்பில் கிழித்துவிடலாம் போலிருந்தது. அதற்குக் கீழே அப்பா யூனிஃபார்மோடு நின்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தவறு செய்தவர் பெயரைக் கேட்டார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். கம்பெனியில் கேள்விப்பட்டு வந்த அப்பா அதைச் சொல்லிவிட்டார். அம்மா சோற்றைப் பிசைந்தபடி, அவர் கேட்டதில் என்ன தப்பு, செய்தவள் நான்தானே என்றாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ளாதே, ஒரு மாதம் பொறு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அம்மா மதினியின் வயிற்றைப் பார்த்தாள், இது ஒரு மாசம் பொறுக்குமா என்று கேட்டாள். 

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன்கள் வந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னாலேயே போயிருந்தேன். அம்மா கேட்டுக்குள் போகவில்லை. பேனருக்குக் கீழே சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு நின்றாள். அவளோடு சரவெடி பின்னுகிற எங்கள் தெருப் பெண்களும் நின்றார்கள். முந்தின நாள் சாயங்காலமே அவள் வீடு வீடாகப் போய், தான் செய்ததைத் தன் வாயால் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலைந்து பேர் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அய்யம்மாள் அத்தை, ஒப்பாரி வைக்கிற குரலில், உன் கௌரவத்துக்கு எங்கள் லாரியை வித்துட்டியேடி என்று கேட்டிருக்கிறாள். அந்த அத்தையும் இப்போது பக்கத்தில்தான் நின்றாள்.

தனுஷ்கோடியின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, என்ன மாரித்தாய், லோடு போற நேரத்துல இது என்ன கூத்து என்று கேட்டார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காரருகே போனாள். அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் குரல் நடுங்கவில்லை.

"மொதலாளி, பேர் கேட்டீகளாம். அந்தப் பாட்டில்ல தண்ணி ஊத்துனது நாந்தான். குழாய்த் தண்ணியும் இல்ல, கெணத்துத் தண்ணியும் இல்ல. ஒம்பது மாசமும் உங்க லாரித் தண்ணியத்தான் ஊத்துனேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப உம் மக கையெழுத்துப் போட்டது பொய்யின்னு ஊரு முன்னால சொல்ற. அவ படிப்பு என்னாகும்னு யோசிச்சியா?"

"பொய்யில்ல மொதலாளி. எம் மக பாத்தது நெசம். அவ பாத்த தண்ணிதான் உங்களுது. உங்க லாரித் தண்ணி நல்ல தண்ணின்னு வெளிநாட்டுக்காரகளே முத்திரை குத்திட்டாக. நீங்களும் பேனர்ல போட்டுட்டீக. அந்த நல்ல தண்ணிய அனுப்புங்க. நாங்க உள்ள வாரோம்."

பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பரவியது. முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். பெண்கள் பேனர் நிழலில் உட்கார்ந்தார்கள். அன்று சரவெடிப் பகுதியில் ஒரு சரமும் பின்னவில்லை, மறுநாளும் பின்னவில்லை. வடநாட்டு ஆர்டர் லாரி பாதி லோடோடு நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம், அப்பா ஏணியைச் சாய்த்து அந்தப் பேனரை அவிழ்த்தார். முதலாளி சொன்னாரா, அவராகச் செய்தாரா என்று நான் கேட்கவில்லை. அன்று நாலு மணிக்குத் தண்ணீர் லாரி தெருவுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

அம்மாதான் முதல் குடத்தைப் பிடித்தாள். முதல் செம்பை மொண்டு எல்லார் முன்னாலும் மதினியிடம் நீட்டினாள். மதினி, ரோஜாவுக்குக் குடுங்கத்தை என்று தயங்கினாள். அவளுக்கு என்ன கேடு, நீ குடி என்றாள் அம்மா.

அம்மாவை மட்டும் இரண்டு வாரம் கேட்டுக்குள் விடவில்லை. ஆகஸ்டில் சீசன் கழுத்தைப் பிடித்ததும் அவர்களே ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். என் அறிக்கையைப் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. ஒரு வருஷம் போனது. உதவித்தொகையை ஆறு மாதம் மட்டும் நீட்டியிருக்கிறார்கள், அதற்குள் முடிக்க வேண்டுமாம். ஹென்ரிக் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்காகவா, அவர் கட்டுரைக்காகவா என்று கேட்கிற கோபம்கூட அன்று எனக்கு மிச்சமில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் ஆகஸ்ட் மாதப் பெட்டி, நான் திரும்பி வந்திருந்த ஆய்வகத்துக்குக் கூரியரில் வந்தது. இந்தத் தடவை அம்மாவுக்கு எதற்கென்று தெரியும். தெருக்குழாய்ப் பாட்டிலில் உப்பு மூவாயிரத்து இருநூறு. பெர்குளோரேட், குடிக்கலாம் என்கிற அளவுக்கு மூன்று மடங்கு. சுவரோரக் கிணற்றில் எட்டு மடங்கு. இரண்டையும் பட்டியலில் எழுதினேன். எத்தனை வருஷமாக எத்தனை பேர் குடித்தார்கள், நானும்தானே குடித்தேன்.

மூன்றாவது பாட்டில் எடுக்கும்போதே லேசாக இருந்தது. உடைந்து கொட்டிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, மூடியைத் திறக்கவே இல்லை. காலிப் பாட்டிலில் அழுத்தி எழுதி ஒட்டியிருந்தாள்: 'கண்மாய். தண்ணி இல்ல. மாரித்தாய்.'

பக்கத்தில் நின்ற ஹென்ரிக், இதைப் பட்டியலில் எப்படிப் பதிவது என்று கேட்டார். அவள் எழுதியிருப்பதை அப்படியே பதியச் சொன்னேன்.